தூரத்தில்தான் இருந்தது

பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு பிள்ளை அடிபட்டுவிட்டால், இரண்டு பேர் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஓட்டுநர் சொல்வார்: "நல்லாத்தாங்க வந்துட்டு இருந்தேன். புள்ள திடீர்னு குறுக்கே வந்துடுச்சு." கட்டுப் போட்ட காலோடு படுத்திருக்கும் பிள்ளை அம்மாவிடம் சொல்லும்: "பாத்துட்டுத்தாம்மா போனேன். வண்டி தூரத்துலதான் இருந்துச்சு."

கேட்கும் நாம், இருவரில் ஒருவர் பொய் சொல்வதாக முடிவு கட்டிவிடுகிறோம். ஓட்டுநர் செல்போன் பேசியிருப்பார் என்போம். இல்லையென்றால் பிள்ளை விளையாட்டுப் புத்தியில் ஓடியிருக்கும் என்போம். சில விபத்துகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பல விபத்துகளில் இருவர் சொல்வதும் மெய். பிள்ளை பார்த்தது. வண்டி அதன் கண்ணுக்குத் தூரத்தில்தான் இருந்தது. ஓட்டுநருக்கும் பிள்ளை திடீரென்றுதான் தெரிந்தது. பிறகு எப்படி இருவரும் ஒரே நொடியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்?

5 வயதிலிருந்து 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு உலகம் முழுவதும் முதல் காரணம் சாலை விபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் சாலையில் உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 18 வயது நிரம்பாதவர்கள் 9,500-க்கும் மேல். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 17,884 பேர் இறந்தார்கள். இந்தச் சாவுகளைத் தடுக்க எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பது, மேலே கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தால் புரியும்.

ஒரு சாலை, ஒரு சிறுமி, ஆறு நொடி

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாவட்டச் சாலை ஒன்று. தார் போட்ட அகலம் 7 மீட்டர். ஒரு பக்கம் ஊர், எதிர்ப்பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முதுகில் புத்தகப் பையும் கையில் தண்ணீர் பாட்டிலுமாகச் சாலையோரப் புளியமரத்தடியில் நிற்கிறாள். பையைச் சுமந்துகொண்டு சாதாரணமாக நடந்தால் அவள் நொடிக்கு 1.2 மீட்டர் போவாள் என்று வைத்துக்கொள்வோம். 7 மீட்டரைக் கடக்க அவளுக்கு ஏறத்தாழ 6 நொடி வேண்டும்.

ஆகவே அவள் முடிவு செய்ய வேண்டியது இதுதான்: வருகிற வண்டி இந்த இடத்துக்கு வந்துசேர 6 நொடிக்கு மேல் ஆகுமா, அதற்குள் வந்துவிடுமா?

மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார் 6 நொடியில் 50 மீட்டர் ஓடும். 60 கிலோமீட்டரில் வரும் கார் அதே 6 நொடியில் 100 மீட்டர் ஓடிவிடும். இப்போது கார் 70 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அது 30-ல் வருகிறதென்றால் வந்துசேர 8 நொடிக்கு மேல் ஆகும். சிறுமி தாராளமாகக் கடந்துவிடலாம். அதே 70 மீட்டரில் 60-ல் வருகிறதென்றால் 4 நொடியில் வந்துவிடும். அப்போது அவள் சாலையின் நடுக்கோட்டைத் தாண்டி இரண்டடி வைத்திருப்பாள்.

தூரம் ஒன்றுதான். ஒன்றில் வீடு போய்ச் சேர்கிறாள், மற்றதில் இல்லை. இரண்டையும் பிரித்தறிய அவள் காரின் வேகத்தை மதிப்பிட வேண்டும். சிறு பிள்ளைகள் சாலை கடப்பதை ஆராய்ந்தவர்கள் கண்டதோ, அவர்கள் பெரும்பாலும் தூரத்தை மட்டும் வைத்தே முடிவெடுக்கிறார்கள் என்பது. "தூரத்துலதான் இருந்துச்சு" என்று அந்தப் பிள்ளை சொன்னது சாக்குப்போக்கு இல்லை. தான் எதை வைத்து முடிவெடுத்தது என்பதை அது அப்படியே சொல்லியிருக்கிறது.

வேகத்தையும் சேர்த்துக் கணக்கிடக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதாதா? அதில்தான் சிக்கலே இருக்கிறது.

கட்டைவிரலும் சுண்டுவிரலும்

ஒரு கையை நேராக நீட்டி, கட்டைவிரலை உயர்த்தி, ஒற்றைக் கண்ணால் பாருங்கள். 50 மீட்டர் தொலைவில் நேராக வரும் கார் அந்தக் கட்டைவிரலின் அகலத்துக்குள் ஏறக்குறைய மறைந்துவிடும். 100 மீட்டரில் வரும் காரை மறைக்கச் சுண்டுவிரலே போதும். ஒரு சராசரிக் காரின் அகலம் 1.8 மீட்டர், தொலைவு இருமடங்கானால் கண்ணுக்குத் தெரியும் அகலம் பாதியாகிறது.

நேர் எதிரே நம்மை நோக்கி வரும் வண்டியின் வேகத்தைக் கண்ணால் அறிய ஒரே ஒரு வழிதான் உண்டு. குறுக்கே போகும் வண்டி என்றால் பின்னாலிருக்கும் மரமும் கம்பமும் நகர்வதை வைத்து வேகம் தெரியும். நம்மை நோக்கியே வருவது இடமோ வலமோ நகர்வதில்லை. உருவம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வரும். இதற்கு 'உருவிரிவு' என்று பெயர் வைத்துக்கொள்வோம். நம்மை நோக்கி வரும் பந்து எப்போது கைக்கு வரும் என்று மூளை அறிவதும் இந்த உருவிரிவை வைத்துத்தான்.

இப்போது புளியமரத்தடிக்குத் திரும்புவோம். இரண்டு கார்கள், இரண்டும் வந்துசேர மிச்சம் இருப்பது சரியாக 6 நொடி. 30-ல் வருவது 50 மீட்டரில், கட்டைவிரல் அகலத்தில் தெரிகிறது. 60-ல் வருவது 100 மீட்டரில், சுண்டுவிரல் அகலத்தில் தெரிகிறது. ஒரு நொடி கழிகிறது. முதல் காரின் உருவம் கட்டைவிரலில் ஐந்தில் ஒரு பங்கு விரிந்திருக்கும். இரண்டாவது காரின் உருவம் சுண்டுவிரலில் ஐந்தில் ஒரு பங்குதான் விரிந்திருக்கும். அதாவது முதல் கார் விரிந்ததில் பாதி.

வேகமாக வருவது எதுவோ, அதுவே மெதுவாக விரிகிறது! முடிவெடுக்க வேண்டிய அந்த நொடியில், இரண்டில் அதிக ஆபத்தான கார் சின்னதாகவும் அசையாமல் நிற்பது போலவும் தெரிகிறது. வேகம் கூடக் கூட இந்த மறைப்பும் கூடும். படிக்கும்போது தலைகீழாகத் தோன்றும் இந்தக் கணக்கைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஆறாம் வகுப்புப் பெருக்கல் வகுத்தல் போதும்.

காருக்குப் பதில் பைக் என்றால் நிலைமை இன்னும் மோசம். கைப்பிடியின் அகலம் முக்கால் மீட்டர்தான். 100 மீட்டரில் அது சுண்டுவிரலில் பாதிக்கும் குறைவு. ஒரு நொடியில் அது விரியும் அளவும் காரினதில் பாதிக்கும் குறைவு. தமிழ்நாட்டுச் சாலைகளில் மிக அதிகமாக ஓடுவது இருசக்கர வாகனம்தான் என்பதை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும்.

பிள்ளையின் கண்

மூளை எவ்வளவு சிறிய உருவிரிவையும் கண்டுகொள்ளும் என்றில்லை. அதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லைக்குக் கீழே விரியும் வண்டி, நின்றுகொண்டிருக்கும் வண்டியாகவே தெரியும். இந்த எல்லை எல்லா வயதிலும் ஒன்றா என்று லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் ஜான் வான் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் சோதித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சில பெரியவர்களுக்கும் திரையில் கார் படங்களைக் காட்டி, அது நெருங்கி வருகிறதா என்று கேட்டார்கள். 2011-ல் வெளியான முடிவு இது: தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளால் மணிக்கு 20 மைலுக்கு, அதாவது 32 கிலோமீட்டருக்கு மேல் வரும் வண்டிகளை நம்பகமாக மதிப்பிட முடியவில்லை. பெரியவர்களின் எல்லை அதைவிட வெகு மேலே இருந்தது.

கண் டாக்டரிடம் போனால் அந்தப் பிள்ளை கடைசி வரி வரை படித்துக் காட்டும். பார்வைக் கூர்மையில் குறை எதுவும் இல்லை. காலப்போக்கில் மாறும் உருவத்தைக் கணக்கிட்டு 'வருகிறது' என்று உணர்த்தும் மூளையின் பகுதிகள் முதிர வருடங்கள் ஆகின்றன. பால் பல் விழுந்து நிலைப்பல் முளைப்பதற்கு ஒரு வயது இருப்பதுபோல் இதற்கும் ஒரு வயது உண்டு. அதட்டியோ அடித்தோ அதை முன்கூட்டி வரவழைக்க முடியாது. பிள்ளை திரும்பிப் பார்க்கிறது, வண்டியைக் காண்கிறது, அது நிற்கிறது என்று மூளை சொல்கிறது, காலை எடுத்து வைக்கிறது. 'ரெண்டு பக்கமும் பாத்துப் போ' என்று நாம் சொன்னதை அது வரி பிசகாமல் செய்திருக்கிறது.

கிளம்புகிற நொடி

வேகத்தைச் சரியாக மதிப்பிட்டுவிட்டாலும் இன்னொரு வேலை மிச்சம் இருக்கிறது. சாலையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது இடையில் கிடைக்கும் இடைவெளிக்குள் நுழைய வேண்டும். நாம் பெரியவர்கள் எப்படி நுழைகிறோம் என்று கவனித்துப் பாருங்கள். ஒரு வண்டி நம்மைக் கடந்து முடிப்பதற்கு முன்பே உடம்பு முன்னால் சாய்ந்துவிடும். அதன் பின்பக்க விளக்கு நகர்ந்ததும் கால் சாலையில் இருக்கும். பிள்ளைகள் அப்படிக் கிளம்புவதில்லை. வண்டி போய்விட்டது என்று உறுதி செய்துகொண்டு, பிறகு மனதைத் திரட்டி, பிறகு காலை எடுக்கிறார்கள். இதற்குள் இடைவெளியின் தலைப்பகுதி கரைந்துவிடுகிறது.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஜோடி ப்ளூமெர்ட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். நிஜச் சாலையில் பிள்ளைகளை இறக்கிச் சோதிக்க முடியாது. ஆகவே மூன்று பக்கமும் திரை வைத்த அறையில் மெய்போன்ற சாலையை உருவாக்கி, அதில் கார்களை ஓடவிட்டு, பிள்ளைகளை நடந்து கடக்கச் சொன்னார்கள். 6 வயதுப் பிள்ளைகள் கடந்ததில் நூற்றுக்கு 8 தடவை அந்தத் திரைக் கார் அவர்களை மோதியது. 10 வயதில் அது 5. 12 வயதில் 2. 14 வயதில்தான் மோதலே இல்லாமல் போனது.

இதில் 12 வயதுக் கணக்குதான் என்னை மிகவும் கலங்கவைத்தது. 12 வயதில் பிள்ளை ஏழாம் வகுப்பு. 'இனிமே நீயே போய்க்குவ' என்று நாம் தனியாக அனுப்பத் தொடங்கி வெகு நாளாகியிருக்கும். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் கையில் பிடித்துக்கொடுத்து அனுப்பியிருப்போம்.

வண்டி தெரியாத இடம்

பிள்ளைகளிடம் "எங்கே கடந்தால் பத்திரம்?" என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜேம்ஸ் தாம்சனும் குவாமே அம்போஃபோ-போட்டெங்கும் கேட்டார்கள். 5 முதல் 7 வயது வரையிலான பிள்ளைகளில் மிகப் பலர், கண்ணுக்கு வண்டி எதுவும் தெரியாத இடத்தைப் பத்திரமான இடம் என்று காட்டினார்கள். அந்த இடம் சாலை வளைவாக இருந்தது. மேட்டின் ஏற்றமாக இருந்தது. நிறுத்தி வைத்த கார்களின் இடுக்காகவும் இருந்தது. வண்டி தெரியவில்லை என்பதற்கும் வண்டி இல்லை என்பதற்கும் உள்ள வேறுபாடு அந்த வயதுக்கு இன்னும் பிடிபடவில்லை.

உயரமும் சேர்ந்துகொள்கிறது. ஆறேழு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஒரு மீட்டர் சொச்சம்தான். காரின் கூரை ஒன்றரை மீட்டர். ஓரத்தில் ஒரு 'குட்டியானை' சரக்கு வண்டியும் ஒரு ஷேர் ஆட்டோவும் நின்றுவிட்டால் அந்தப் பிள்ளைக்கு முன்னால் இருப்பது சுவர். சுவருக்கு அப்பால் வரும் ஓட்டுநருக்கும் பிள்ளை தெரியாது.

மாலை நாலேகால் மணிக்கு எந்தப் பள்ளி வாசலுக்கும் போய் நின்று பாருங்கள். வாசலுக்கு எதிர்ப்பக்கம் ஸ்கூட்டரை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், "இங்க இருக்கேன், வா வா!" என்று கையசைக்கும் அப்பாவையோ அம்மாவையோ கட்டாயம் காண்பீர்கள். அந்த அழைப்பைக் கேட்ட பிள்ளையின் கண் அந்த முகத்தை விட்டு அகலாது. சாலை அப்போது அதற்கு இல்லவே இல்லை. இது ஒன்றை மட்டுமாவது நாளையிலிருந்து நிறுத்திவிடலாம்: வண்டியை எதிர்ப்பக்கம் நிறுத்தியவர் இறங்கி நடந்து வந்து பிள்ளையின் கையைப் பிடிக்க வேண்டும்.

பயிற்சியால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதே தாம்சன் கிளாஸ்கோவின் டிரம்சேப்பல் என்ற ஏழைகள் நிறைந்த பகுதியில் ஒரு பயிற்சித் திட்டத்தை உருவாக்கினார். வகுப்பறைப் பாடமோ வண்ணப் படமோ இல்லை. அந்தப் பகுதிப் பெற்றோரே பயிற்சி பெற்று, இரண்டு மூன்று பிள்ளைகளாக அழைத்துக்கொண்டு நிஜத் தெருவில் நின்று, "இங்கிருந்து கடக்கலாமா? ஏன் கூடாது? எங்கே போய்க் கடக்கலாம்?" என்று பிள்ளைகளையே சொல்லவைத்தார்கள். இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் அந்தப் பிள்ளைகள் தெளிவாகவே தேறினார்கள். நம் ஊர் ஒன்றாம் வகுப்புக்கும் இது அப்படியே பொருந்தும். செலவு என்று எதுவும் கிடையாது. ஆனால் எங்கே நிற்பது என்பதைக் கற்பிக்கலாமே தவிர, 60-ல் வரும் பைக்கின் உருவிரிவை உணரும் மூளையைக் கற்பித்து உண்டாக்க முடியாது.

பேருந்துக்குப் பின்னாலிருந்து

இதுவரை பிள்ளையின் கண் வழியாகப் பார்த்தோம். இனி ஓட்டுநர் இருக்கையில் உட்காருவோம். அதே சாலை, அதே சிறுமி. இந்தத் தடவை டவுன் பஸ் வந்து நின்றிருக்கிறது. அவள் இறங்கி, பஸ்ஸின் பின்பக்கமாகச் சுற்றி வந்து, சாலையில் கால் வைக்கிறாள். எதிர்த்திசையில் வரும் கார் ஓட்டுநருக்கு அவள் தெரியும்போது இடையில் இருப்பது 15 மீட்டர்.

கண்ட உடனே கார் நிற்காது. கண்டதை மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போய் அழுத்த, விழிப்பாக இருக்கும் ஓட்டுநருக்கே ஏறத்தாழ ஒரு நொடி ஆகிறது. அந்த ஒரு நொடியும் கார் பழைய வேகத்திலேயே ஓடுகிறது. அதன்பின் காய்ந்த தார்ச்சாலையில் நல்ல பிரேக் ஒவ்வொரு நொடியும் மணிக்கு 25 கிலோமீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கும் என்று கொள்ளலாம்.

கார் 30-ல் வந்திருந்தால் அந்த முதல் நொடியில் 8.3 மீட்டர் ஓடியிருக்கும். பிரேக் பிடித்தபின் இன்னும் 5 மீட்டர். மொத்தம் 13.3. சிறுமிக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் கார் நிற்கிறது. அவள் பயந்துபோய் அழுவாள், அவ்வளவுதான்.

40-ல் வந்திருந்தால் முதல் நொடியிலேயே 11 மீட்டர் போய்விடும். மிச்சம் 4 மீட்டரில் வேகம் 30-க்குத்தான் இறங்கும். அந்த 30-ல் மோதுகிறது.

50-ல் முதல் நொடிக்கு 14 மீட்டர். மிச்சம் ஒரே ஒரு மீட்டர். மோதும்போது வேகம் 48.

60-ல் வந்த கார் முதல் நொடியில் ஓடுவது 16.7 மீட்டர். இருந்ததோ 15. ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடுகிறது. முழு 60-ல் மோதுகிறது. "திடீர்னு குறுக்கே வந்துடுச்சு" என்று அவர் சொல்வதும் மெய்தான். அவருக்கு ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை.

30-க்கும் 40-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று ஸ்பீடாமீட்டர் முள்ளைப் பார்க்கிறவருக்குத் தோன்றும். இந்தப் பதினைந்து மீட்டரில் அது மோதலுக்கும் மோதாமைக்கும் உள்ள வித்தியாசம்.

மோதினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 30-ல் அடிபடுவது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 60-ல் அடிபடுவது இரண்டு மாடிக்குச் சமமாக இருக்கும் என்று நினைப்போம். உண்மையில் அது 14 மீட்டர், நான்கு மாடி. வேகம் இரட்டித்தால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. பெரியவர் என்றால் கார் முதலில் காலில் மோதும். காலெலும்பு உடைந்து உடம்பு பானட்டின் மேல் சரியும். பிள்ளையின் உயரத்துக்கு முதல் அடியே மார்பிலும் தலையிலும் விழுகிறது. முன்பக்கம் உயர்ந்த பெரிய கார்கள் பெருகப் பெருக இந்த ஆபத்தும் பெருகுகிறது.

இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். பிள்ளையின் கண் நம்பகமாக வேலை செய்வது 32 கிலோமீட்டர் வரை. ஓட்டுநரின் கால் பிள்ளையைக் காப்பாற்ற முடிவது 30 வரை. இரண்டும் தனித்தனி வழியில் வந்து ஏறக்குறைய ஒரே எண்ணில் நிற்கின்றன. பள்ளி அருகே 30-ஐத் தாண்டக் கூடாது என்றால் அது அதிகாரிகள் மேஜையில் உட்கார்ந்து போட்ட எண்ணாகத் தோன்றலாம். உண்மையில் அது எட்டு வயதுப் பிள்ளையின் உடம்பிலிருந்து வந்த எண்.

நெதர்லாந்து திரும்பிய திசை

சுவீடனில் ஸ்டீனா சாண்டெல்ஸ் என்ற உளவியலாளர் 1960-களிலேயே சாலையில் பிள்ளைகளைக் கவனித்து, சிறு பிள்ளைகளைப் போக்குவரத்துக்கு ஏற்ப மாற்ற முடியாது, போக்குவரத்தைத்தான் அவர்களுக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தார். அதை ஒரு நாடே செய்து காட்டியது: நெதர்லாந்து.

இன்று சைக்கிள் நாடாகத் தெரியும் நெதர்லாந்து 1971-ல் அப்படி இல்லை. கார்கள் பெருகி, சாலைகள் அகலமாகி, அந்த ஒரே ஆண்டில் 3,000-க்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பள்ளிக்குச் சைக்கிளில் போன தன் மகளைப் பறிகொடுத்த விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர், 1972-ல் 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்ற தலைப்பில் எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது. தாய்மார்களும் பிள்ளைகளும் தெருவில் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஆம்ஸ்டர்டாமின் டி பைப் என்ற நெரிசலான பகுதியில் பிள்ளைகளே தங்கள் தெருவை அடைத்து, விளையாட இடம் கேட்டார்கள். 1976-ல், வண்டிகள் நடை வேகத்தில் மட்டும் போகக்கூடிய குடியிருப்புத் தெருக்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. சைக்கிளுக்குத் தனிப்பாதை வந்தது. 2010-ல் அந்த நாட்டுச் சாலைகளில் இறந்த குழந்தைகள் 14 பேர்.

அந்த 40 ஆண்டுகளில் டச்சுப் பிள்ளைகளின் மூளை வேகமாக முதிரத் தொடங்கிவிடவில்லை. மாறியது தெரு. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி, பாதிக்கும் மேற்பட்ட தெருக்களில் வேகத்தை 30-க்கு இறக்கியது. 2025 ஜூலையில் அந்த நகரம் ஒரு முழு ஆண்டைச் சாலைச் சாவு ஒன்றுகூட இல்லாமல் கடந்தது. சென்னையிலும் 2023 நவம்பரிலிருந்து குடியிருப்புத் தெருக்களில் எல்லா வாகனங்களுக்கும் உச்ச வேகம் 30 என்று விதி இருக்கிறது.

பள்ளி வண்டியைச் சுற்றி

ஆபத்து பள்ளி வண்டிக்கு உள்ளேயும் உண்டு. 2012 ஜூலையில் சென்னையை அடுத்த தாம்பரம் பக்கம், ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விழுந்து இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனிச் சிறப்பு விதிகள் வந்தன. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஆர்.டி.ஓ. மைதானத்தில் மஞ்சள் பேருந்துகளை வரிசையாக நிறுத்திச் சோதிப்பது அதன் தொடர்ச்சிதான்.

2022 மார்ச்சில் சென்னையில் இன்னொரு சாவு. பள்ளி வளாகத்துக்குள்ளேயே, வண்டியைப் பின்னோக்கி எடுத்தபோது இரண்டாம் வகுப்புச் சிறுவன் அடியில் சிக்கினான். உயரமான இருக்கையில் இருக்கும் ஓட்டுநருக்கு வண்டியை ஒட்டி நிற்கும் சிறு பிள்ளை முன்பக்கமும் தெரியாது, பின்பக்கமும் தெரியாது. அதன்பிறகுதான் பள்ளி வாகனங்களின் முன்னும் பின்னும் கேமராவும், பின்னால் தடையை உணர்த்தும் கருவியும் வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. உங்கள் பிள்ளை போகும் வேனில் அந்தக் கேமரா இருக்கிறதா, இருந்தால் வேலை செய்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். இறங்கிய பிள்ளையை உதவியாளர் கைபிடித்து ஓரத்தில் விட்ட பிறகே வண்டி நகர வேண்டும். எந்தக் கேமராவையும்விட நான் நம்புவது அந்தக் கையைத்தான்.

பலகை போதாது

'பள்ளி உள்ளது, மெதுவாகச் செல்லவும்' என்ற பலகை பல ஊர்களில் இருக்கிறது. பலகையைப் படித்துவிட்டு யாரும் காலைத் தளர்த்துவதில்லை. வேகத்தைக் குறைப்பது சாலையின் வடிவம். இந்தியச் சாலைகள் பேராயம் வகுத்த அளவில் 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள வேகத்தடை, வண்டிகளை 25 கிலோமீட்டருக்கு இறக்கும், இடுப்பையும் ஒடிக்காது. விபத்து நடந்த இரவோடு இரவாக ஊர்க்காரர்களே தார் கொட்டிப் போடும் குறுகலான மேட்டுக்கு அந்த நிதானம் கிடையாது. வண்ணம் பூசாத அப்படி ஒரு மேடு, இருட்டில் வரும் பைக்கைக் கவிழ்த்து இன்னொரு உயிரைக் கேட்கும். வேகத்தடையின் மேலேயே வெள்ளைக் கோடு போட்டுக் கடவையாக்கினால் கடக்கும் பிள்ளை பத்து சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். ஓட்டுநரின் கண்ணுக்கு முன்கூட்டியே படும். பேரிகார்டுகளை மாற்றி மாற்றி வைப்பதும் வேகத்தைக் குறைக்கும், காலையும் மாலையும் அவற்றை எடுத்து வைக்க ஆள் இருந்தால். பேருந்து நிறுத்தத்தையும் தள்ளுவண்டிகளையும் பள்ளி வாசலிலிருந்து முப்பது நாற்பது மீட்டர் தள்ளிவைத்தாலே, நாம் மேலே பார்த்த 15 மீட்டர் 40 மீட்டராகும். அப்போது 60-ல் வரும் வண்டியும் நின்றுவிட இடம் கிடைக்கும்.

இதையெல்லாம் செய்யும் அதிகாரம் உள்ளவர்கள் தூரத்தில் இல்லை. மாநில, மாவட்டச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர். ஊர்ச் சாலை என்றால் ஊராட்சி மன்றம். அரசுப் பள்ளிகளில் பெற்றோர் அமர்ந்திருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. அடுத்த கிராம சபைக்குப் போகும்போது உங்கள் பள்ளி வாசலில் சாலையின் அகலம் எவ்வளவு, பஸ் எங்கே நிற்கிறது, மறைக்கும் வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று ஒரு டேப்பால் அளந்து, தாளில் வரைந்து எடுத்துப் போங்கள். பள்ளிக்கு இருபுறமும் நூறு மீட்டர் வரை வேகம் 30-க்கு மேல் போக முடியாதபடி வேகத்தடை வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். அதுவரை, அந்தச் சாலையில் நீங்கள் வண்டி ஓட்டும்போது முள் 30-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.